மண்ணிறக் கட்டியும் மூன்றாம் நாட் காப்பும்

போரிட்டு வந்த சூரனையும் தள்ளிவிடாது, மயிலாகவும் சேவலாகவும் தன்னருகே வைத்துக்கொண்ட பெருமானே! பகைத்தவனுக்கும் இடங்கொடுத்த உன் திருவடிகளை நினைந்து, வீட்டிலிருந்தவனுக்கே இடமில்லாமற் செய்த ஒருவன் இதை எழுதத் தொடங்குகிறேன். சொல்லிற் குற்றம் நேரின் பொறுத்தருள்வாய்.

இன்று கார்த்திகைத் திங்களின் முதற் சோமவாரம். விரதமிருந்து, விளக்கேற்றி, மேசையில் அமர்ந்திருக்கிறேன். எழுதப்போவது நடந்து இன்னும் ஒரு மாதமும் நிறையவில்லை.

ஆவணியில், பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியிலுள்ள எங்கள் கோயில் மண்டபத்தில் பெற்றோருக்காக ஒரு கூட்டம் நடந்தது. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுக்கும் செறிவுப் பொருள்களைப் பற்றி நம்மவரான ஒரு மருத்துவமனைத் தாதி பிரெஞ்சில் விளக்கினார். அதைத் தமிழிற் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெள்ளிதோறும் அம்மண்டபத்திற் பதிகம் ஓதிப் பொருள் சொல்பவன் நான். இறைவன் சந்நிதியில் இச்சொற்களையா உரைப்பது என்று முதலில் மறுத்தேன். பிறகு, நல்ல தமிழிற் சொல்ல என்னைவிட யாருளர் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணமே என்னைக் கெடுத்தது.

பூவின்மேற் பனித்துளிபோல் ஒட்டியிருக்கும் பிசினிலேதான் மயக்கம் முழுதும் உள்ளது என்று தொடங்கினேன். அப்பிசினை உதிர்த்துச் சலித்தாற் கிடைப்பது பொடி. பொடியை அழுத்தினால் மண்ணிறக் கட்டி. இந்நகரின் தெருக்களில் மிகுதியாகக் கைமாறுவது இதுவே. இளையோர் இதற்கு வழங்கும் பெயரை எழுதக் கை கூசுகிறது. வெப்பமும் அழுத்தமும் மட்டுமே கொண்டு பிழிவது ரொசின். கரைப்பான் சேர்த்துப் பிரிப்பவை வேறு: ஒன்று தேன்மெழுகுபோல் இளகியிருக்கும், ஒன்று கண்ணாடிச் சில்லுப்போல் உடையும், ஒன்று எண்ணெயாகிப் புகைக்குழலுக்குள் அடைபடும். பூவைவிட இவற்றின் வீரியம் பன்மடங்கு. கடைகளில் வெளிப்படையாக விற்கும் மயக்கமில்லாத வகையும் பார்வைக்கு இவைபோலவே இருப்பதால், கண்ணால் மட்டும் பார்த்து எவரையும் குற்றஞ்சாட்டாதீர்கள் என்றும் தாதி சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"ஐயா இவ்வளவு விபரமாச் சொல்லுறார், எங்கை போய்ப் படிச்சவரோ தெரியேல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் புகழ்ச்சி பல நாள் இனித்தது. வீட்டில் இராச்சாப்பாட்டின்போதும் அதே விளக்கத்தை மறுபடி எடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என் மனைவியும் அவள் தம்பியும். மைத்துனனுக்கு ஐம்பத்தாறு வயது; மணமாகாதவன்; சென் தெனியில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை; எங்கள் வீட்டுச் சிறிய அறையில் ஒன்பது ஆண்டுகளாக இருந்தவன்.

"அத்தான், நீங்கள் சொல்லுறதைக் கேட்டால் நாளைக்கே ஒரு கடை போடலாம் போலை கிடக்கு," என்றான், புட்டைக் குழைத்தபடி.

"உனக்கு எல்லாம் பகிடிதான்," என்றேன்.

ஐப்பசியிற் கந்தசட்டி வந்தது. முதல் நாள் நானும் மனைவியும் காப்புக் கட்டினோம். என்றும் விரதம் பிடியாத மைத்துனனும் அவ்வாண்டு வந்து கையை நீட்டினான். நான் வியந்தேன், காரணம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டில் கூட்டுப் பாராயணம். ஏழெட்டுப் பேர் வந்து பாயில் அமர்ந்திருந்தார்கள். பழைய பூவை மாற்றுவதற்காக, சாமித்தட்டில் வைத்திருந்த வேலின் கீழிருந்த பட்டுத்துணியைத் தூக்கினேன். அடியில் வெள்ளித்தாளிற் சுற்றிய ஒரு சிறு பொதி. பிரித்தேன். பெருவிரலளவு மண்ணிறக் கட்டி.

என் நெஞ்சு பதறியது என்று எழுதினால் அது பொய். இன்னதென்று கண்ட கணத்தில் எனக்கு உண்டானது ஒரு மகிழ்ச்சி. விடை தெரிந்த மாணவன் கையுயர்த்துவதுபோல அதை உயர்த்திப் பிடித்தேன்.

"இது சலிச்சு அழுத்தின வகை," என்று வந்திருந்தவர்களுக்குச் சொன்னேன். "மணத்தைப் பாருங்கோ."

அப்போதுதான் மைத்துனன் வேலையால் வந்து வாசலிற் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இது ஆற்றை?" என்றேன்.

"என்ரை."

"சாமிக்குக் கீழையோ ஒளிக்கிறாய்? பொலிஸ் இஞ்சை தேடாது எண்டோ?"

"ஒளிக்கேல்லை அத்தான்."

குசினியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "இஞ்சேருங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ, நான் சொல்லுறதைக்..."

"நீ பேசாமல் இரு!"

கட்டியை எடுத்துச்சென்று மலக்கூடத்திற் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவன் மணிக்கட்டுக் காப்பைப் பல்லாற் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்த்த நூலை வேலின் முன் வைத்தான்.

"சாமிக்குக் குடுத்ததைக் கக்கூசுக்கை போட்டிட்டியள். இனி எனக்கென்ன விரதம்?"

கழற்றிய சப்பாத்தையே மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாராயணத்தை நாங்கள் தொடர்ந்தோம். ஆம், தொடர்ந்தோம், என் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

எல்லோரும் சென்றபின் மனைவி சொன்னாள். வேலையிடத்து நிலவறையிற் படுத்துறங்கிய காலத்திலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளாக அவனுக்கு அந்தப் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும் என்று தமக்கையிடம் அழுதிருக்கிறான். ஆசைப்பட்ட பொருளைத் தெய்வத்தின் காலடியில் வைத்து, இனித் தொடுவதில்லை என்று நேர்வது நம்மவர் வழக்கம். காப்புக் கட்டுமுன் கையிலிருந்த கடைசித் துண்டை அவ்வாறே வைத்திருக்கிறான்.

"சூரன்போர் முடிய எடுத்தெறிவம் அக்கா எண்டவன். அத்தானுக்குச் சொல்லாதை, அவர் வகுப்பெடுப்பார் எண்டும் சொன்னவன்."

சூரன்போருக்கு மறுநாள், திருக்கல்யாணத்தன்று, ஆர்.ஈ.ஆர் தொடருந்து ஏறி வில்லியே லே பெல்லுக்குப் போனேன். உடன் வேலை செய்யும் ஒருவரின் வீட்டு வரவேற்பறையில் தங்கியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீர் வார்த்தான். வயதில் இளையவனிடம் நான் ஒருபோதும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்."

"சரி, அதை விடுங்கோ."

"இப்பவும் அதைப் பிடிக்கிறியோ?"

"ஓம். அண்டைக்கே தொடங்கீட்டன். ஆனால் மூண்டு நாள் விட்டனான் அத்தான். இருபத்தைஞ்சு வரியத்திலை மூண்டு நாள்."

தேநீர்க் குவளையை நான் கீழே வைத்தேன்.

"நீங்கள் ஏசினது எனக்குப் பெரிசில்லை. குசினியிலை இதைவிட மோசமா ஏச்சு வாங்கியிருக்கிறன். அது என்ன வகை எண்டு அவைக்கு விளங்கப்படுத்தினியள் பாருங்கோ... அதைத்தான் தாங்கேலாமல் கிடந்தது."

வீட்டுக்கு வா என்றேன். "பாப்பம்," என்றான். வரமாட்டேன் என்பதே அதன் பொருள் என்று எனக்குத் தெரியும்.

வரும் மார்கழியில் அதே கூட்டத்தை மீண்டும் நடத்தக் கோயிலார் கேட்டார்கள். மறுத்தேன். காரணம் கேட்டார்கள், இதை எழுதித் தருவதாகச் சொன்னேன். மைத்துனனிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ. என்ரை பேர் வேண்டாம். உங்கடை பிழையை வடிவா எழுதுங்கோ," என்றான்.

ஞாயிறுதோறும் என் மனைவி தம்பிக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். பையைத் தூக்கிக்கொண்டு நிலையம்வரை நானும் போகிறேன். அவள் வண்டி ஏறியதும் திரும்பி வருகிறேன். கூட வாருங்கள் என்று அவள் இன்னும் அழைக்கவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கும் துணிவும் எனக்கில்லை.

இதை வாசித்தோர் யாவரும் நலமுற வாழ்க. எதையேனும் விட முயன்று மூன்றே நாள் நின்றவருக்கு நான்காம் நாளும் அருளப்படுக. அவர்தம் வீட்டாருக்கு, பேசுமுன் கேட்கும் பொறுமையை வேலவன் தந்து காக்க.