கியர் போடும் கை

அந்தத் தைலப் புட்டி எப்போதும் டிரைவர் மாமாவின் முன்னால், சாமி படத்துக்குக் கீழே இருக்கும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பேருந்தில் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். சொந்தமெல்லாம் கிடையாது, மாமா, மாமா என்று கூப்பிட்டே சொந்தமாகிவிட்டவர். ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றதும் இடது தோளிலிருந்து முழங்கை வரை தைலத்தைச் சூடு பறக்கத் தேய்ப்பார். வாசனை கடைசி சீட்டு வரை வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் தடத்தில் இடது கை வலிக்காத ஓட்டுநர் யார்? நாளெல்லாம் கியர் போடுகிற கை அது.

என்னை உறுத்தியது வேறு. சிதம்பரத்தில் இறங்கி டீக்கடைக்கு நடக்கும்போதும் அதே கையைப் பிடித்துக்கொள்வார். பாதி வழியில், சுவரொட்டி படிப்பவர்போல நின்றுவிடுவார். நின்றால் வலி விட்டுவிடும். நடந்தால் மறுபடி வரும். மார்கழிக் குளிரிலும் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருக்கும்.

"மாமா, இப்ப எந்தக் கியரப் போட்டீங்க? ஏன் வலிக்குது? எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அவருக்குத் தெரியாமலில்லை. அதுதான் கொடுமை.

"போனா ஹார்ட்டுன்னு சொல்லுவாங்க. அப்புறம் எந்த மொதலாளிடா எங்கிட்ட வண்டியக் குடுப்பான்? சும்மா வாயேன்" என்றார்.

ஒரு பங்குனி மதியம், புதுச்சத்திரத்தில் ஆள் ஏற்றிவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகரவில்லை. மறுபடி கொடுத்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது, வலது கையால் இடது கையைப் பிடித்தபடி ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் பின்னால் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அந்த இருக்கையில் இருப்பவர் குறிஞ்சிப்பாடிக்காரர், என்னைவிட இளையவர். போன மாதத்திலிருந்து இடது தோளைத் தேய்க்கிறார். நடக்கும்போதும் வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். மாமாவின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடந்தால் வந்து நின்றால் போகிற வலி கியரால் வருவதில்லை, நெஞ்சிலிருந்து வருவது என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"தெரியும்ணே. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றார்.

மாமாவைக் காப்பாற்றாத பேச்சு இவரையும் காப்பாற்றப் போவதில்லை. சாமி படத்துக்குக் கீழே புதுப் புட்டி வந்துவிட்டது. இன்று காலையும் ஆலப்பாக்கத்தில் அந்த வாசனை கடைசி சீட்டு வரை வந்தது. இரண்டு விசில் கொடுத்துவிட்டு, வண்டி நகர்கிறதா என்று கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.