மூன்றாவது உரசல்

பெரியம்மா போய் மூன்று மாசம்கூட ஆகவில்லை, பெரியப்பா மறுபடி சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். பிரிட்ஜ் ஆட நாலு பேர் வேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டில் அப்பாவும் மாமாவும் ஒரு கட்சி. பெரியப்பாவும் பெரியம்மாவும் எதிர்க்கட்சி. காலியாகக் கிடந்த பெரியம்மாவின் நாற்காலியில் ஒன்பது வயதுக்காரி என்னை உட்கார வைத்தார்கள்.

"ஒன் முறை வந்தா பாஸ்னு சொல்லு, போறும்" என்றார் பெரியப்பா.

மாமா பாவம். பதினைந்து வருஷமாக அந்த ஜோடியிடம் தோற்றுக்கொண்டிருந்தார். பதின்மூன்று சுற்றையும் ஜெயிப்பேன் என்று முன்கூட்டியே சவால் விடுவதற்குப் பெயர் கிராண்ட் ஸ்லாம். பெரியப்பா விட்ட சவால் பொய்த்ததே இல்லை. "எனக்கு மண்டைல களிமண்" என்று மாமா சிரிப்பார். உடனே முகம் வாடிவிடும். ஒரு தடவையாவது பெரியப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

அன்றைக்கு நான் ஒரு விஷமம் செய்திருந்தேன். அலமாரியிலிருந்த பெரியம்மாவின் மெட்டிகளைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் மடியில் உட்கார்ந்து பார்த்த ஆட்டம்தானே! கையில் எத்தனை ஏஸ் வருகிறதோ, அத்தனை தடவை மெட்டியைத் தரையில் உரசுவாள். அதுவும் ஆட்டத்தின் விதி என்றே நினைத்திருந்தேன்.

என் கையில் இரண்டு ஏஸ். கிர்க், கிர்க்.

மூவரும் நிமிர்ந்தார்கள். பெரியப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பயந்துபோய் இரண்டு காலையும் நாற்காலிமேல் மடக்கிக்கொண்டேன்.

மேஜைக்கடியில் இன்னொரு தடவை உரசியது. கிர்க்.

"ஏழு ஹார்ட்" என்றார் பெரியப்பா, குரலே எழும்பாமல். கிராண்ட் ஸ்லாம். மாமா முதல் சீட்டைப் போட்டதும், வழக்கப்படி நான் என் சீட்டுகளை மேஜையில் விரித்தேன். மிக்சர் எண்ணெயில் ஒன்பதாம் நம்பர் சீட்டோடு ஒட்டிக்கிடந்த மூன்றாவது ஏஸ் அப்போதுதான் பிரிந்து வந்தது.

பதின்மூன்று சுற்றும் பெரியப்பாவுக்கே. மாமா என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னி இருந்தப்பவும் இந்தச் சத்தம் கேக்குமே, அண்ணா. கொசு கடிச்சுக் காலைத் தேச்சுக்கறான்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றார் மாமா.

காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த மேஜைக்கு அவர் வரவே இல்லை.

எங்கள் மாமா பேய்க்குப் பயந்து ஓடிவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.