சேறு படாத சணல்

என் அண்ணி எதையாவது காதில் வாங்கினால் செய்துபார்க்காமல் விடமாட்டார். அறுத்த சணலைக் குளத்தில் ஊறப்போடும்போது, கட்டு மிதக்காமலிருக்க மேலே சேற்றை அள்ளி அப்புவதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்தச் சேறுதான் நாரைக் கறுப்பாக்குகிறது என்று விவசாயப் பயிற்சியில் சொன்னார்களாம். அண்ணி பழைய உரச்சாக்குகளில் கல்லை நிரப்பிக் கட்டுகளின்மேல் வரிசையாக வைத்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்ன அண்ணி, சணலுக்குத் தலையணையா?”

“ஆமா தம்பி, நல்லாத் தூங்கட்டும்.”

நார் உரித்துக் காய்ந்ததும் கொள்முதல் கூடத்துக்கு என் வண்டியில்தான் ஏற்றிப் போனோம். தரம் பார்ப்பவர் சந்தேகப் பேர்வழி. வெளியே வெளுப்பாக வைத்து உள்ளே கறுப்பை மறைப்பார்கள் என்று, நடுக்கட்டை உருவி அவிழ்த்தார். உள்ளேயும் பொன்னாக மின்னியது. இன்னொன்றை அவிழ்த்தார். அதுவும் அப்படியே.

“எந்த ஊர்ச் சரக்கும்மா இது?”

“எங்க குளத்துச் சரக்குதான் சார்.”

அவர் முதல் தரம் என்று முத்திரை குத்தியபோது கூடமே திரும்பிப் பார்த்தது. எங்கள் குளத்துச் சணல் அதுவரை மூன்றாம் தரத்தைத் தாண்டியதில்லை.

நான் தாமதமாக அறுத்தவன். அன்று காலைதான் என் கட்டுகளுக்குச் சேறு அப்பியிருந்தேன். திரும்பி வந்ததும் நேரே குளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அந்தச் சேற்றை வழித்தேன்.

கரையில் சாக்குகளோடு அண்ணி நின்றிருந்தார்.

“தலையணை எத்தனை வேணும் தம்பி?”