கோணல் நாற்காலி

எங்கள் பெரியப்பா பம்பாயில் பெரிய டிசைனர் என்று உத்திரமேரூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவர் உருவாக்கிய நாற்காலியைக் கண்ணால் பார்த்த பிறகு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு கோணல்.

பம்பாயில் நாற்காலி, மேசை செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, சில வருடம் அங்கேயே சமாளித்துப் பார்த்துவிட்டு, முடியாமல் வேலையை விட்டு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாத்திரம் பண்டங்களோடு லாரியிலிருந்து அந்த நாற்காலியும் இறங்கியது. பெரியப்பா வரைந்த மாதிரியில் கம்பெனி முதன்முதலாகச் செய்து பார்த்தது அதுதானாம். பிறகு கொஞ்சம் செய்தார்களாம், விற்காததால் நிறுத்திவிட்டார்களாம். விற்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிளைவுட்டை வளைத்துச் செய்த நாற்காலி. முதுகுப் பலகை மேலே போகப் போக இடது பக்கமாகத் திரும்பி, நுனியில் காது மாதிரி மடங்கி நிற்கும்.

பக்கத்துத் தெருத் தச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாங்க இது, ஒரு பக்கமா இஸ்த்துக்கினு கீது? மயையில நனைஞ்சிடுச்சா?" என்றார். பெரியப்பா சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அதில் பெரியம்மாவைத் தவிர யாரும் உட்காரக்கூடாது. காலையில் பெரியப்பா அவரைத் தூக்கி உட்காரவைத்தால் பொழுதெல்லாம் அதில்தான். அங்கிருந்தபடியே அம்மாவுக்குச் சமையல் யோசனை சொல்வார், குழறிய வாயால் என்னை "வாயாடி" என்று கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக் கதை கேட்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஐப்பசியில் ஒரு விடியலில் பெரியம்மா போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, தெருவைப் பார்த்தாற்போல் வாசலில் வைப்பது வழக்கம். பந்தல்காரர் இரும்பு நாற்காலி கொண்டுவந்தார். அதில் உட்காரவைத்தால் பெரியம்மாவின் தலை இடது பக்கம் சரிந்து விழுந்தது. துண்டால் கட்டினார்கள். மறுபடி விழுந்தது. பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

"அண்ணியோட சேர எடுத்தாங்கடா," என்றார் அப்பா.

கோணல் நாற்காலி வந்தது. தலை நேராகப் போய் அந்த மடிப்பில் அமர்ந்துகொண்டது. கட்டே தேவைப்படவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் போல இருந்தார் பெரியம்மா. பெரியப்பா கிணற்றடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. கிட்டே போய், "நல்ல வேள பெரிப்பா, நீங்க கோணலா செஞ்சிட்டீங்க," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா, நல்ல வேள," என்றார்.

சாவு உட்கார்ந்த நாற்காலி திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. பாய் தலையணையோடு ஏரிக்கரைச் சுடுகாட்டில் அதையும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பெரியப்பா அப்பாவிடம் வந்து நின்றார்.

"டேய், அந்தச் சேர மட்டும் எடுத்தாந்துடட்டுமா? பின்னால கொட்டாயில ஓரமா போட்டுக்கறேன்."

"கொயந்தைங்க இருக்கற வூடுண்ணா. வேணாம்."

"துணி போட்டு மூடி வெச்சிடறேன்டா."

"வேணாம்ணா."

வீடு எங்களுடையது, அவர் வந்து ஒண்டியிருப்பவர். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். போயும் போயும் அந்தக் கோணலுக்கா இத்தனை கெஞ்சல் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அடைமழை பிடித்துக்கொண்டது. பெரியப்பா சாயங்காலமானால் குடையோடு ஏரிப்பக்கம் போவார், தொப்பலாக நனைந்து திரும்புவார். குடை இருந்தும் ஏன் நனைகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போனேன். நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஓடிவந்து, "அம்மா, பெரிப்பா அந்தச் சேர இன்னும் வுடல," என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தை பிறப்பதற்குள் பிளைவுட் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து, மண்ணோடு போயிற்று. பெரியப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை.

போன மாதம் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அந்தக் கால நாற்காலிகளை இப்போது தேடித்தேடிச் சேர்க்கிறார்களாம். கண்ணாடி மேடைமேல், கயிறு கட்டி, விளக்குப் போட்டு நின்றது எங்கள் கோணல் நாற்காலி. கம்பெனி செய்தவற்றில் மிஞ்சிய ஒன்று. கீழே பெரியப்பாவின் பெயர். "சமச்சீரைத் துணிந்து மீறிய வடிவம்" என்று எழுதியிருந்தது. பார்க்க வந்தவர்கள் தலையை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

அப்பா கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினார். காவலுக்கு நின்ற பெண், "தொடாதீங்க சார்," என்றாள்.

"தொடலம்மா. எங்க அண்ணியோட சேரு இது," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பம்பாய்ல பக்கவாதம் வந்ததுல இருந்தே அண்ணிக்குத் தல நிக்காது. அந்தப் பக்கமா சாஞ்சிக்கினே இருக்கும். அதுக்குன்னே அளவு எடுத்து அண்ணன் வரைஞ்சாரு."

"உனக்கு அப்பவே தெரியுமாப்பா?"

"தெரியும். தெரிஞ்சிதான் வேணான்னேன். சின்னப் புள்ள நீ இருந்தியே, பயந்துட்டேன்டி." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல நான் யார்? கிணற்றடியில் நின்றிருந்தவரிடம் போய், நல்ல வேளை கோணலாகச் செய்தீர்கள் என்று ஆறுதல் சொன்னவளாயிற்றே நான்.