பாலத்தில் பத்து லாரி

நான் பெண் பார்க்கப் போன அன்று வழியை மறித்து நின்ற பத்து லாரிகளையும் அனுப்பி வைத்தவன் நானேதான். இருபது வருஷமாக இதை 'டிராஃபிக்' என்ற ஒரே சொல்லில் மூடி வைத்திருந்தேன்.

அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கரி யார்டில் எனக்கு வண்டி அனுப்பும் வேலை. நிலக்கரி ஏற்றிய லாரி எடைமேடையை விட்டு இறங்கியதும் சீட்டைக் கொடுத்து கேட்டைத் திறந்துவிட வேண்டும். எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. ஏற்றம் என்றால் ரயில் பாதைக்கு மேலே போகும் அந்த ஒரு பாலம்தான். பாரத்தோடு லாரி அதில் நடை வேகத்தில்தான் ஏறும். அதனால் ஒரு லாரி போனதும், ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டுத்தான் அடுத்ததை விடுவது வழக்கம். அந்த இடைவெளியில் பஸ், பைக் எல்லாம் தாண்டிப் போய்விடும். என் வயிற்றுப் புண்ணுக்கும் அந்த டீதான் காரணம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெண் வீடு சாத்தான்குளத்தில். நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் போய் உட்கார்ந்தாக வேண்டும். தாமதமாக வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பெண்ணின் அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கோ அதற்கு முன்பே நாலு இடம் தட்டிப் போயிருந்தது.

இரண்டரைக்கு வீட்டு ஆட்களோடு வேன் யார்டு வாசலுக்கு வந்தபோது பத்து லாரி பாக்கி. டீயாவது ஒன்றாவது! பத்தையும் வால் பிடித்தாற்போல விட்டேன். கடைசி லாரி டிரைவர் அண்ணாச்சி தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? மொத வண்டி பாலம் எறங்கிச்சான்னு பாத்தியா?"

"பொண்ணு பாக்கப் போணும் அண்ணாச்சி."

"நல்லா பாப்ப, போ."

பாலத்தடியில் வேன் நின்றுவிட்டது. மேலே, இரண்டாவது லாரியின் பின்னால் ஊர்ந்து சலித்த மூன்றாவது லாரிக்காரன் முந்தப் பார்த்திருக்கிறான். இரண்டும் தோளோடு தோள் உரசி ஏறின. ஒன்றை மற்றது முந்த விடவில்லை. எதிரே ஒரு பஸ். எல்லாம் நின்றது. ஏற்றத்தில் நின்ற கரி லாரி மறுபடி கிளம்புவது லேசில்லை; கிளீனர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்கள்.

நான் வெள்ளைச் சட்டையோடு இறங்கி ஓடிக் கையை ஆட்டினேன். ஒருவரும் அசையவில்லை. கரித்தூள் மட்டும் என்மேல் படிந்தது.

"மாப்ளே, மல்லிப்பூ வாடிருச்சா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சியே இறங்கினார். பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தார். ஒரு லாரி அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் அடுத்த சக்கரத்தின் கட்டையை எடுக்கவிட்டார். யார்டில் நான் செய்திருக்க வேண்டிய அதே வேலை.

திருச்செந்தூர் தாண்டும்போதே நாலரை. ராகுகாலத்தில் வாசல் மிதிக்கக் கூடாது என்று சாத்தான்குளத்து ஊர் முகப்பிலேயே வேனை நிறுத்தினோம். யாரோ போய்ச் சொல்ல, பெண்ணின் அப்பா கையில் கலர் பாட்டில்களோடு வந்தார். நான் வேனுக்குள் சுருங்கினேன்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

"டிராஃபிக், மாமா."

என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "நேரம் தப்புனாலும் ராகுகாலத்துல உள்ள வராம நின்னியளே, அது போதும். ஆறு மணிக்கு வாங்க," என்றார்.

இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலம் வந்துவிட்டது. புது லாரிகள் முனகாமல் ஏறுகின்றன. எப்போதாவது ஒரு பழைய வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறினால் முந்த மனசு வராது. ஸ்கூட்டரை மெதுவாக்கி அதன் பின்னாலேயே போவேன். போன மாதம் அப்படிப் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாலம் இறங்கியதும் அவள் சொன்னாள்:

"இத அன்னைக்கே எங்கப்பாட்ட சொல்லிருந்தா, அப்பமே ஒங்கள திருப்பி அனுப்பிருப்பாரு. நானும் தப்பிச்சிருப்பேன்."