சத்தம் எங்கேயிருந்து வருது?

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். முப்பது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சத்தம் என்றால் அது ஏதோ ஒரு இயந்திரத்தின் கோளாறாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஆகவே மனைவி, "திங்கக்கிழமையிலிருந்து நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றபோது, பழியை நேராகக் காரின் தலையில் போட்டார்.

பதினெட்டு வயதுக் கார். காலையில் அவளைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். நாற்பது நிமிஷம். வீட்டில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு வேலை. இருவரும் நாலு வார்த்தை பேசுவதே அந்த முன்சீட்டில்தான். சில மாதங்களாக அந்தப் பேச்சும் சண்டைபோல ஆகிவிட்டது.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாக்குறான்."

"நானா கத்துறேன்? வண்டி கத்துது. அதுக்கு மேல பேச வேண்டாமா?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஸ் நேரங்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மைத்துனனை உதவிக்குக் கூப்பிட்டார். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பசை என்று, வண்டிச் சத்தத்தை அடக்கும் கறுப்பு ரப்பர் ஷீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன.

"வீட்டுக்கு மெத்தை வாங்கச் சொல்லி அக்கா நாலு வருஷமா கேக்குறா. நீங்க காருக்கு வாங்கியிருக்கீங்க, அத்தான்" என்றான் மைத்துனன்.

"வாயை மூடிட்டு கிளிப்பைக் கழட்டு."

கதவுகளின் உள் அட்டையைக் கழற்றி, தகரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஷீட்டை ஒட்டி, காற்று நிற்காமல் சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்தார்கள். "அடியில இருக்குற ஓட்டைய அடைச்சிடாதடா. மழைத்தண்ணி வெளிய போகணும்" என்று நூறு தடவை சொன்னார். தரை விரிப்பைத் தூக்கியபோது காணாமல்போன ஹேர்பின்கள் பதினொன்று கிடைத்தன. இன்ஜின் பக்கத்துச் சுவருக்கு எட்டி ஒட்டுவதற்குள் மைத்துனனின் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கதவைத் தட்டிப் பார்த்தார். டொங் என்று அதிர்ந்த தகரம், டொப் என்று அடங்கியது. முகம் மலர்ந்தது.

மறுநாள் மனைவியை முன்சீட்டிலும் மைத்துனனைப் பின்சீட்டிலும் உட்காரவைத்து வெளிவட்டச் சாலைக்குக் கிளம்பினார். உண்மையிலேயே அமைதியாக இருந்தது. இண்டிகேட்டர் டிக்டிக் என்பதுகூடப் பின்சீட்டில் இருந்த மைத்துனனுக்குக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் லிஃப்ட்காரர் உரக்கக் கேட்டார்: "என்ன, ஒண்ணுமே சொல்லாம வர்ற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அத்தான், அக்கா ரெண்டு தடவை சொல்லிட்டா" என்றான் மைத்துனன். "'நல்லாத்தான் இருக்கு, பஸ் வேண்டாம்'னு. எனக்கே இங்க கேட்டுச்சு."

அவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். பிறகு, "டயர் சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கு போல" என்றார்.

"ஓரமா நிறுத்துங்க" என்றாள், இந்தத் தடவை உரக்க.

நிறுத்தினார். அவள் அவருடைய இடது காதருகே விரல்களை உரசினாள். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி வலது காதருகே உரசினாள். சட்டென்று திரும்பினார்.

"எத்தனை மாசமா?"

"வண்டின்னுதான் நினைச்சேன்."

கேலிக்கு வாய் திறந்த மைத்துனன், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க" என்றாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. "நாளைக்கும் நான்தான் ஓட்டுவேன். சாயங்காலம் காது டாக்டர். மறுபேச்சு பேசக்கூடாது."

அவர் சுற்றி வந்து, வலது காது அவள் பக்கம் இருக்க, இடது சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது.

"இன்ஜின் சத்தமே கேக்கல. எப்ப கியர் மாத்துறதுன்னே தெரியல" என்று அவள் தனக்குள் முணுமுணுத்தாள்.

"இப்ப மாத்து" என்றார் அவர்.