டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

காளப்பநாயக்கன்பட்டியில் நாசியாவைப் பற்றி விசாரித்தால், "அந்தக் கல்யாண போட்டோவ அழிச்ச புள்ளயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் அமீர் ஹம்சாவின் மகள் என்பதும், பஸ்ஸில் கொல்லிமலை ஏறிப்போய் வாசலூர்பட்டி மிளகு விவசாயிகள் சங்கத்தில் கணக்கு பார்க்கிறாள் என்பதும் அப்புறம்தான் ஞாபகம் வரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டோவை அழித்தது நாசியா இல்லை. சந்தோஷ்குமார்.

சந்தோஷ்குமார் அந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். காலேஜ் முடித்த கையோடு நாசியா அவனிடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் பேளுக்குறிச்சி ஸ்டுடியோக்காரர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும், கூடவே லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டமும் வேண்டும், ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். உள்ளே ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களும் இருந்தன. சந்தோஷ்குமார் அவற்றை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு, "பேக்கப் ஆச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டான்.

அந்தப் பக்கத்துக் கடைகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. விண்டோஸ் படுத்துக்கொண்டால் சி-யை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுவார்கள், டி தப்பித்துவிடும். இதையே பார்த்துப் பார்த்து டி என்றால் இரும்புப் பெட்டி என்று நம்பிவிட்டார்கள். சி-யும் டி-யும் ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துத் தடுத்த இரண்டு அறைகள், அவ்வளவுதான். லினக்ஸ் போடும்போது அது கேட்கும்: பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்காரட்டுமா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு உட்காரட்டுமா? இரண்டாவதற்குத் தலையாட்டினால் வீடே தரைமட்டம்.

"அண்ணா, டி-யும் அதே டிஸ்க்குதானுங்க. வெளிய ஒரு டிஸ்க்குல எடுத்து வெச்சுட்டு, டி-யைச் சுருக்கி இடம் விட்டுப் போடலாங்க" என்றாள் நாசியா.

"எனக்கே சொல்லித் தர்றயா? போயி பிரிண்டரப் பாரு."

முழுவதையும் அழிக்கவா என்று திரை கேட்டது. அழுத்தினான். பொண்ணு, மாப்பிள்ளை, தாலி, பந்தி, எல்லாம் போயே போச்சு.

ஸ்டுடியோக்காரர் வந்து குதித்தபோது சந்தோஷ்குமார் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நான் டி-யில பத்திரமாத்தானுங்க வெச்சிருந்தேன். இந்தப் புள்ளதான் தெரியாம அழுத்திப்போட்டா" என்றான். நாசியா வாயைத் திறப்பதற்குள் பழி அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதோடாவது விட்டதா? ஸ்டுடியோக்காரர் பேளுக்குறிச்சிச் சந்தைக்கே போய், அங்கே மசாலாச் சாமான் விற்றுக்கொண்டிருந்த அமீர் ஹம்சாவை நாலு பேர் நடுவில் பிடித்துக்கொண்டார். மகள் செய்யாத தப்புக்கு அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வாரத்தோடு சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"நான் செய்யலத்தா" என்று நாசியா அப்பாவிடம் அழுதாள்.

"தெரியும்மா. விடு. அல்லாஹ் பாத்துக்குவான்."

அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சந்தோஷ்குமார் நாறுவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நாசியா மனதுக்குள் கறுவிக்கொண்டாள். எந்தக் கடையிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், "கைராசி இல்லாத புள்ளன்னு சொல்றாங்களே" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனது. அன்றைக்கு அவள் அம்மா அலிமா பீவி சந்தோஷ்குமாரின் குலத்தையே சபித்தாள். நாசியா சபிக்கவில்லை. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் டிரைவைச் சுருக்கி, நீட்டி, நகர்த்தி, ஒரு ஃபைலும் சேதாரமாகாமல் இரண்டு சிஸ்டம் போடுவதைப் பழகினாள். அதுதான் அவள் கொடுத்த சாபம்.

சங்கத்தில் வேலை கிடைத்து சில வருஷங்கள் ஓடின. அப்புறம்தான் வாய்ப்பு தானாகவே மலை ஏறி வந்தது.

இயற்கை விவசாயச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள், ஒவ்வொருவர் மிளகுக் காட்டுக்கும் வரைபடம் போடச் சொல்லி ஒரு மென்பொருள் அனுப்பினார்கள். அது லினக்ஸில் மட்டும்தான் ஓடும். சங்கக் கணக்கோ விண்டோஸில் மட்டும். இருப்பது ஒரே லேப்டாப். அதற்குள் மலைக்காரர்கள் அத்தனை பேரின் பதிவும் இருந்தது: யார் காட்டில் என்ன எரு போட்டார்கள், எப்போது மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், சாட்சிக்குப் படங்கள். அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்கள். பதிவு இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நான் போட்டுத் தாரனுங்க" என்றாள் நாசியா.

சங்கத் தலைவர் குழந்தைவேல் நல்ல மனுஷர்தான். ஆனால் சிரித்துக்கொண்டே, "உனக்கெதுக்கு கண்ணு அந்த வம்பு? ஒருக்கா பட்டது பத்தாதா? சந்தோஷ்குமார வரச் சொல்லியிருக்கறேன்" என்றார்.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சங்கத்தின் பதிவு முழுவதையும் ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து சரிபார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எடுத்து வைத்தது வேலைக்காக. சொல்லாமல் வைத்தது சந்தோஷ்குமாருக்காக.

மறுநாள் அவன் வந்தான். கூடவே ஜெயசுதா என்கிற பெண்ணும் வந்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தாய். நாசியா விட்டுப்போன இடத்தில் இப்போது அவள் வேலை பார்க்கிறாள். சங்கத்துக்காரர்கள் வெளியே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டு கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே இந்த மூன்று பேர்தான்.

"என்ன நாசியா, சௌக்கியமா? பழச மனசுல வெச்சுக்காத. அன்னிக்கு நீ அவசரப்பட்டு அழுத்திப்போட்ட. சின்ன வயசு. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்" என்றான்.

நாசியா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அடப்பாவி! நடிக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அன்றைக்கு டி டிரைவ் கைவிடவில்லை, நாசியாதான் கெடுத்தாள். அப்படியானால் இன்றைக்கும் அதையேதான் செய்வான். அவளுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது.

செய்தான். எல்லாவற்றையும் டி-க்குக் காப்பி செய்தான். லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, ஜெயசுதாவை உட்காரவைத்துவிட்டு, போனை நோண்டிக்கொண்டே வேலை ஏவினான்.

"அண்ணா, டிஸ்க்கு முழுசா அழிக்கவான்னு கேக்குதுங்க" என்றாள் ஜெயசுதா.

"அது அப்படித்தான் பயமுறுத்தும். அழுத்து. எல்லாம் டி-யில பத்திரமா இருக்குது."

ஜெயசுதாவுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி நாசியாவைப் பார்த்தாள். நாசியா குனிந்து பில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயசுதா அழுத்தினாள்.

லினக்ஸ் அழகாக வந்தது. விண்டோஸ் வரவில்லை. டி-யும் இல்லை. சந்தோஷ்குமார் ஆஃப் செய்தான், ஆன் செய்தான், பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. நாசியா அதை ரசித்துப் பார்த்தாள். அவசரமே இல்லை. எல்லோரும் உள்ளே வரட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கூச்சல் எழுந்தது. பெருமாயி என்கிற மிளகுக்காரம்மா, "என்ற காட்டுப் பதிவு எங்கடா? புழுவக் கையில பொறுக்கி எறிஞ்சு காப்பாத்துன காடுடா அது!" என்று மேஜையைத் தட்டினாள்.

"நான் டி-யில பத்திரமாத்தானுங்க வெச்சிருந்தேன்" என்ற சந்தோஷ்குமார் ஜெயசுதாவைக் காட்டினான். "இந்தப் புள்ளதான் தெரியாம அழுத்திப்போட்டா."

ஒரு எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம். நாசியா அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. இன்னும் கொஞ்சம், அவன் பின்வாங்க முடியாதபடி பொய்யை முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அதற்குள் கூட்டம் ஜெயசுதாவின் பக்கம் திரும்பிவிட்டது. கண் தெரியாதா, படிச்சிருக்கறயா, உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான் என்று ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். பெருமாயி அவள் பிள்ளைகளையும் சேர்த்துச் சபித்தாள்.

"நான் கேட்டேனுங்க, அண்ணன்தான் அழுத்தச் சொன்னாரு" என்று ஜெயசுதா அழுதாள். யாரும் கேட்கவில்லை. "அக்கா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க! சொல்லுங்களேன்!"

நாசியா எழுந்தாள். பையிலிருந்து ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு பதிவும் போகல. எல்லாம் இதுல இருக்குதுங்க. அழுத்தச் சொன்னது இவரு. என் காதால கேட்டேன். அன்னிக்கு அந்தக் கல்யாண போட்டோவ அழிச்சதும் இவருதான். நான் சொல்லி யாரும் நம்பல. இன்னிக்கு அதே பொய்ய இந்தப் புள்ள தலையில கட்டறாரு பாருங்க."

பெருமாயி, "தூ! பொம்பளைக தலையில பழியப் போட்டுப் பொழைக்கறயேடா" என்று காறித் துப்பினாள். குழந்தைவேல் நாசியாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், "என்ன செய்யோணும்னு நீயே சொல்லு கண்ணு" என்றார்.

"வர்ற சந்தைக்கு நான் எங்கத்தாவக் கூட்டிட்டு வாரேன். இவரு அங்க வந்து, எங்கத்தா முன்னாடி, நாலு பேரு கேக்க, யாரு அழிச்சதுன்னு சொல்லோணும். வரலீன்னா நானே இவரு கடை வாசல்ல நின்னு தினமும் சொல்லுவேன்."

"வாரேன்" என்றான் சந்தோஷ்குமார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வருஷக்கணக்காகக் கனவு கண்டதைவிட நன்றாகவே இருந்தது அந்தத் தலை. நாசியா ஆசைதீரப் பார்த்தாள்.

அவனை அனுப்பிவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, ஜெயசுதா வாசலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். நாசியா அவளிடம் போனாள்.

"இனிமே உம்மேல ஒருத்தரும் பழி சொல்ல மாட்டாங்க. பயப்படாத" என்றாள்.

ஜெயசுதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டிஸ்க்கு காலையில இருந்தே உங்க பையிலதான இருந்துச்சு?"

"ஆமா."

"அழுத்தறதுக்கு முன்னாடி நான் உங்களப் பாத்தனே அக்கா. அப்பவும் இருந்துச்சா? அந்தக் கெழவி என் புள்ளைகளச் சொன்னப்பவுமா?"

நாசியா பஸ் வரும் வழியைப் பார்த்தாள்.

"அந்தாளு ஒண்ணும் தெரியாத மடையனுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள் ஜெயசுதா.

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நாசியாவின் பக்கம் திரும்பாமலே போனாள்.